பழைய படங்களில் கச்சேரி என்றாலே போட்டிதானா?

ஜூன் 3 (வாசகர் கேள்வி)

பழைய தமிழ்ப் படத்தில் கர்நாடக சங்கீதம் மேடை ஏறினாலே யாராவது ஒருவர் தோற்க வேண்டியிருக்கிறது. நாதஸ்வரமா பரதமா, ஹேமநாதரா பாணபத்திரரா, அகத்தியரா ராவணனா. நிஜக் கச்சேரியில் யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. கேட்டுவிட்டு, கேன்டீனில் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். பந்தயம் கட்டாமல், மயங்கி விழாமல், ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடாமல், சும்மா உட்கார்ந்து பாடுகிற கச்சேரி ஒரு படத்திலாவது உண்டா?

ஜூன் 3, இரவு

உண்டு. 'தெய்வம்', 1972. மதுரை சோமு உட்கார்ந்து 'மருதமலை மாமணியே' பாடுவார். யாரும் யாரையும் சவாலுக்கு இழுக்கவில்லை. சின்னப்பா தேவர் எடுத்த முருகன் படம் அது. பித்துக்குளி முருகதாஸ், சூலமங்கலம் சகோதரிகள், பெங்களூர் ரமணியம்மாள் என்று முருகன் பாட்டுக்கு அன்றைக்கு யார் யார் பெயர் சொல்வார்களோ, அவர்களையெல்லாம் திரையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இசை குன்னக்குடி வைத்தியநாதன்.

அந்தப் பாட்டில் சோமுவின் கையைப் பாருங்கள். தர்பாரி கானடாவில் ஒரு சங்கதி மேலே போகும்போது கை முதலில் போகிறது, குரல் பின்னால் வருகிறது. எந்த நடிகருக்கும் சொல்லிக்கொடுத்து அதை வரவழைக்க முடியாது. விடிய விடியப் பாடிப் பழகிய மனிதரைச் சில நிமிஷத்துக்குள் அடைத்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் குறை.

மற்றபடி உங்கள் புகார் நியாயம்தான். ஏன் என்று யோசித்துவிட்டு நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை

யோசிப்பதற்கு முன் ஒரு விஷயம். 'திருவிளையாடல்' (1965) போட்டிப் படம் என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் போட்டி நடக்கவே இல்லை!

ஹேமநாத பாகவதர் அரசவையில் பாடுகிறார். சவால் விடுகிறார். பாணபத்திரர் பயந்துபோய்க் கோயிலில் அழுகிறார். அன்று ராத்திரியே சிவன் விறகுவெட்டியாக வந்து, ஹேமநாதர் தங்கியிருக்கும் இடத்துக்கு வெளியே பாடுகிறார். யாரப்பா நீ என்று கேட்டால், பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப் போய்த் தேறாது என்று தள்ளப்பட்டவன் என்கிறார். ஹேமநாதர் விடிவதற்குள் ஊரைக் காலி செய்துவிடுகிறார். மறுநாள் சபை கூடும்போது எதிராளி இல்லை.

ஆக, அது முழுக்க முழுக்க ஒருவர் இன்னொருவரின் பாட்டைக் கேட்கிற காட்சி. அந்தத் தோல்வி டி.எஸ்.பாலையாவின் முகத்தில்தான் நடக்கிறது. முதலில் யாரோ கத்துகிறான் என்ற எரிச்சல், அப்புறம் காது நிமிர்கிறது, அப்புறம் கணக்குப் போடுகிறார். மாணவனே இப்படி என்றால் குரு எப்படி இருப்பான் என்ற கணக்கு. தமிழ் சினிமாவில் சங்கீதம் கேட்பதை இவ்வளவு நன்றாக நடித்தவர் வேறு யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

'ஒரு நாள் போதுமா'வை வாய்விட்டுப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. பாட்டின் சொல்லுக்குள்ளேயே ராகத்தின் பெயரை ஒளித்து வைத்து, அந்தப் பெயர் வரும் இடத்தில் அந்த ராகத்துக்கே தாவுவார்கள். தோற்கப்போகிறவனுக்கு இப்படி ஒரு பாட்டைக் கொடுத்தது கே.வி.மகாதேவனின் துணிச்சல். தோற்பவன் மட்டமாகப் பாடினால் ஜெயிப்பவனுக்கு என்ன மரியாதை?

ஜூன் 4, மாலை

சரி, ஏன் எப்போதும் போட்டி. எனக்குத் தோன்றுவது இது: பாடுகிறவரும் நடிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்த வரைக்கும் சினிமாவுக்குப் போட்டி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இரண்டும் பிரிந்த பிறகுதான் தேவைப்பட்டது.

முதல் இருபது வருஷத்தைப் பாருங்கள். 1931இல் வந்த 'காளிதாஸ்' படத்தில் டி.பி.ராஜலட்சுமி தியாகராஜ கீர்த்தனை பாடினார். கதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பாடத் தெரிந்தவர் திரையில் வந்தார், பாடினார். 1935இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு கே.பி.சுந்தராம்பாளுக்கு லட்ச ரூபாய் சம்பளம்; கூட நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். 1938இல் 'துக்காராம்' ஆக முசிறி சுப்பிரமணிய ஐயர். 1940இல் 'சகுந்தலை'யில் எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும். அதே வருஷம் 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாக யார் தெரியுமா? டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. நாதஸ்வரத்துக்கே சக்கரவர்த்தி என்று பெயர் வாங்கியவரைக் கூப்பிட்டு, புலவர் வேஷம் போட்டிருக்கிறார்கள்.

தண்டபாணி தேசிகர், தியாகராஜ பாகவதர், எம்.எஸ். எல்லோருமே தங்கள் குரலோடு வந்தார்கள். இவர்கள் பாடும்போது 'இவர் நிஜமாகவே பாடுகிறாரா' என்ற சந்தேகம் கொட்டகையில் யாருக்கும் வராது. அதனால் விரலைக் காட்ட வேண்டாம், வியர்வையைக் காட்ட வேண்டாம், எதிரே ஒரு தோற்கும் ஆளை உட்கார வைக்கவும் வேண்டாம். 'மீரா' (1945) படத்தை எடுத்த எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாது. எம்.எஸ்.ஸின் முகத்தை வார்ப்புச் சிலையாகச் செய்துவைத்து, எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் விழுந்தால் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே பார்த்தாராம். அவருடைய வேலை அந்த முகத்தோடு முடிந்தது. பாட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பின்னணிப் பாட்டு நிலைத்த பிறகு குரல் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது. திரையில் இருப்பவர் பெரிய வித்துவான் என்று நம்மை நம்பவைக்க வேண்டும். அவர் பாட்டால் நம்பவைக்க முடியாது, ஏனென்றால் பாட்டு அவருடையது இல்லை. அப்போது சுலபமான வழி, வேறு ஒருவரை அவரிடம் தோற்க வைப்பது. கூட்டத்தை வியக்க வைப்பது. விளக்கை எரிய வைப்பது, மழையை வர வைப்பது, மலையை உருக வைப்பது.

ஜூன் 5

மேலே ஒருவர், பின்னணி எப்போது வந்தது என்று கேட்டிருக்கிறார். 1938இல் ஏவி.மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் வேறு ஒரு நடிகைக்காகப் பாடினார். தமிழில் அதைத்தான் ஆரம்பமாகச் சொல்வார்கள். அதே படத்தில் கிருஷ்ணனாக அறிமுகமான பையன் டி.ஆர்.மகாலிங்கம், சொந்தக் குரல்.

அதற்கு முன்பெல்லாம் படம் பிடிக்கும்போதே பாட்டும் பதிவாக வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவுக்குத் தெரியாமல் மரத்துக்குப் பின்னாலோ தட்டிக்குப் பின்னாலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். மைக்கை விட்டு நடிகர் நகரக்கூடாது. பழைய படங்களில் பாடும்போது எல்லோரும் நட்ட கம்பம் மாதிரி நிற்பதைக் கிண்டல் செய்கிறோமே, அதற்குக் காரணம் இது. பாடகர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது. மேடையிலும் அவர்கள் நகர்வதில்லையே!

நடிப்பு விஷயத்தில் இவர்களை யாரும் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1935 நந்தனார் படத்துக்குக் கல்கி எழுதிய விமரிசனம் பிரசித்தம். படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்கிற ரீதியில் போகும்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

மகாலிங்கம் பெயரை எழுதிய பிறகுதான் தோன்றியது. 'திருவிளையாடல்' பாணபத்திரர் அவர்தானே. 'இசைத்தமிழ் நீ செய்த' அவரே பாடியது. ஹேமநாதருக்குக் குரல் பாலமுரளி, சிவனுக்குக் குரல் டி.எம்.எஸ். அதே படத்தில் ஔவையாக வரும் சுந்தராம்பாளும் சொந்தக் குரல். அதாவது 1965இல், தானே பாடி நடிக்கும் பழைய ஆள் கோயிலில் உட்கார்ந்து 'காப்பாற்று' என்று அழ, பின்னணிக் குரலோடு கடவுள் வந்து ஜெயித்துக் கொடுக்கிறார். ஏ.பி.நாகராஜன் இதையெல்லாம் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இனி அந்தக் காட்சியை எனக்கு வேறு மாதிரி பார்க்க வராது.

ஜூன் 7

'சிங்கார வேலனே' போட்டியா என்று ஒருவர். இல்லை. 'கொஞ்சும் சலங்கை' (1962) பாட்டு அது. சாவித்திரி பாடுகிறார், ஜெமினி வருகிறார், சாவித்திரி கூச்சப்பட்டு நிறுத்துகிறார், பாடு என்று ஜெமினி கெஞ்சிக் கேட்டுவிட்டு நாதஸ்வரத்தை எடுக்கிறார். துரத்திப் பிடிக்கிற விளையாட்டு இருக்கிறது, பந்தயம் இல்லை. கேள்வி கேட்டவருக்கு இது இரண்டாவது பதில்.

எனக்கு இந்தப் பாட்டில் இருக்கும் ஆச்சரியமே வேறு. ஒரு பெண் குரலும் நாதஸ்வரமும் சேர்ந்து கச்சேரி செய்வது நேரில் நடக்கிற காரியமா? கோயில் வீதிக்காகச் செய்த வாத்தியம் அது. நாலு வீதிக்கும் கேட்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில் திமிரி என்ற குட்டை நாயனம் போய், நீளம் கூடி சுருதி இறங்கிய பாரி வந்தது. அப்படியும் பக்கத்தில் உட்கார்ந்தால் காது அடைக்கும். அதன் எதிரே ஒருவர் தொண்டையைத் திறந்தால் என்ன கேட்கும்? ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு சத்தத்தையும் வேண்டிய அளவுக்கு ஏற்றி இறக்கிக்கொள்ள முடிந்ததால்தான் எஸ்.ஜானகியும் காருகுறிச்சி அருணாசலமும் சரிக்குச் சமமாக நிற்கிறார்கள். கச்சேரி மேடையில் இல்லாத ஒரு கச்சேரியை சினிமா உண்டாக்கிவிட்டது. ஆபேரி ராகம், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. கடைசியில் இரண்டு பேரும் ஸ்வரத்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்து வாங்குவது நிஜக் கச்சேரி வழக்கம்தான், அதில் பொய் இல்லை.

இதற்கப்புறம் கல்யாண மேளக்காரர்களுக்கு நேர்ந்த கதி தெரிந்ததே. எங்கள் உறவில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு, நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்து நிதானமாகப் பரத்திக்கொண்டிருந்தார். முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் கையைத் தூக்கி, 'சிங்கார வேலனே' என்றார். வாசிப்பவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தோடியை அழகாக முடித்தார். ஊதுகிற முனையில் செருகியிருக்கும் நாணல் சீவாளியைக் கழற்றி, வாயில் வைத்து ஈரப்படுத்தி, வெளிச்சத்தில் பிடித்து அதன் வாயைப் பார்த்தார். திருப்தி இல்லை. வாத்தியத்தில் நூலில் தொங்கிய இன்னொன்றைப் பொருத்தி, ஊதாமல் சும்மா காற்றை விட்டுப் பார்த்தார். அப்புறம் பக்கத்திலிருந்த இரண்டாவது நாயனக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஜானகி பாடும் இடமெல்லாம் அந்தப் பையன், காருகுறிச்சி வாசிக்கும் இடமெல்லாம் இவர். பையன் வாயசைத்துக்கொண்டே வாசிப்பது போலத்தான் எனக்குப் பட்டது. சாகித்யம் அவ்வளவு தெளிவு. ஒத்துக்காரர்கூடச் சிரித்தார். தோடிக்கு வராத கூட்டம் பந்தியிலிருந்து எழுந்து வந்தது.

படங்களில் நான் பார்க்க ஏங்குவது அந்தச் சீவாளி மாற்றும் நேரத்தைத்தான். வாசிப்பதைக் காட்டுகிறார்கள். வாசிக்கத் தயாராவதைக் காட்டுவதில்லை.

ஜூன் 8

திரையில் வாசிக்கும் நடிகர்களின் விரல் பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். என் பங்குக்கு.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு ஓடும்போது காது கண்ணை ஏமாற்றிவிடும்.

தம்புராதான் முதலில் மாட்டும். நாலே தந்தி. முதல் தந்திக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல், தூங்கி வழிகிற மாதிரி ஒரே நிதானத்தில் மீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு வேகம் எடுத்தாலும் தம்புரா எடுக்காது, தாளத்தோடு அதற்கு ஒரு ஒட்டும் உறவும் இல்லை. நம் கதாநாயகிகளோ சரணம் வந்ததும் தம்புராவையும் வேகமாக்கி, தாளத்துக்கு அடி கொடுப்பார்கள். பாதி பேர் அதை மடியில் படுக்கவைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு தந்தியைத் தடவிக்கூடப் பார்ப்பதில்லை.

வீணையில் இடது கை மெட்டுகளின் மேல் ஓடும் திசையும் ஸ்வரம் ஏறும் திசையும் ஒத்துப்போனாலே நான் எழுந்து நின்று கைதட்டத் தயார். தாளம் போடுவது இன்னும் மோசம். ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று எண்ணிக்கை, அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. சபையில் உட்கார்ந்திருக்கும் துணை நடிகர்கள் எல்லோரும் தொடையில் மாவு பிசைவார்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) இதில் தனி. வாசித்தது மதுரை சகோதரர்கள் எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி. சிவாஜி அவர்களை எதிரே உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தே கற்றுக்கொண்டார் என்பது தெரிந்த கதை. விரல் சரியாக இருப்பது பாராட்ட வேண்டியதுதான், ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மூச்சு. எந்த இடத்தில் வாசிப்பவர் காற்று வாங்குவாரோ அந்த இடத்தில் சிவாஜியின் தோளும் ஏறுகிறது. கூட வாசிக்கும் ஏ.வி.எம்.ராஜனும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் முடிக்கப்போவதைக் கண்ணால் பார்த்துத்தான் இவர் எடுக்கிறார். இரண்டு நாயனம் வாசிக்கிற குழுவில் நடக்கிற வேலை அது.

தவிலில் பாலையா. வலது கையில் விரல் கூடு, இடது கையில் கழி. 'நலந்தானா' பாட்டில் காயம்பட்ட வித்துவானைப் பார்த்துப் பார்த்து வாசிக்கும் அந்தப் பார்வை... சரி, இந்த மனிதரைப் பற்றியே இழை போய்விடும், நிறுத்துகிறேன்.

ஜூன் 8, இரவு

சிவாஜி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். 'பாட்டும் நானே' பாட்டில் ஒரே நேரத்தில் பல சிவாஜிகள் வந்து ஆளுக்கொரு வாத்தியம் வாசிப்பதில் எல்லோரும் சமமாகத் தேறவில்லை. மிருதங்கம் வாசிக்கிறவருக்கு நல்ல மார்க். வீணைக்காரரிடம் நான் பேச விரும்பவில்லை.

ஜூன் 11

இரண்டு மூன்று நாளாக என் கருத்தையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பின்னணி வந்ததால் போட்டி வந்தது' என்று எழுதியதில் பாதிதான் நிற்கும் போலிருக்கிறது. மிச்சப் பாதி நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது.

ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியும் நாரதரும், வள்ளியும் முருகனும் தர்க்கம் செய்வார்கள். பாட்டிலேயே கேள்வி, பாட்டிலேயே பதில். எதிராளி எடுத்த சுருதியில், அவர் விட்ட இடத்தில் பிடித்துப் பாட வேண்டும். தனித்தனியாக வந்து சேர்ந்த நடிகர்கள், முன்கூட்டி ஒத்திகை கிடையாது. ஆர்மோனியக்காரரும் சும்மா இருக்க மாட்டார், பாடுகிறவர் போகிற இடமெல்லாம் விரட்டுவார். ஜனங்கள் கதை பார்க்கவா போனார்கள்? வள்ளி திருமணம் எப்படி முடியும் என்று யாருக்குத் தெரியாது? யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்க்கத்தான் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப்பட்ட மேடையில் ராஜா. 1933இல் போய்விட்டார், ஒரு பேசும்படத்தில்கூட இல்லை.

ஏ.பி.நாகராஜன் சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் வளர்ந்தவர். பாலையாவும் மேடையிலிருந்து வந்தவர். போட்டிக் காட்சி அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது. 1972 'அகத்தியர்' படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் அகத்தியராகவே நடித்து, ராவணனாக வரும் ஆர்.எஸ்.மனோகருக்கு டி.எம்.எஸ். குரல் கொடுக்க, 'வென்றிடுவேன்' என்று இருவரும் மோதுவதைப் பாருங்கள். திரைச்சீலையை மட்டும் மாற்றிய நாடகத் தர்க்கம்தான் அது. இங்கேயும் ஒருவர் சொந்தக் குரல், ஒருவர் இரவல் குரல். இந்தத் தடவை சொந்தக் குரல் ஜெயித்தது என்று என் மனசு ஆறிக்கொள்கிறது.

ராவணன் என்றதும்: 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் டி.கே.பகவதி ராவணன். சபையில் எந்த ராகம் எதற்கு ஏற்றது என்று சி.எஸ்.ஜெயராமன் குரலில் பாடிக்காட்டுவார், 'சங்கீத சௌபாக்யமே'. எதிராளி யாரும் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சபைக்குச் சொல்கிற சந்தோஷம் மட்டும்தான். மூன்றாவது பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12

'பலே பாண்டியா' (1962) ஏன் யாரும் சொல்லவில்லை? 'நீயே உனக்கு என்றும் நிகரானவன்'. சிவாஜிக்கு டி.எம்.எஸ்., எம்.ஆர்.ராதாவுக்கு எம்.ராஜு. மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து பாடுகிற கச்சேரி. கிண்டல் என்று பெயர், ஆனால் ஸ்வரமும் சொற்கட்டும் சுத்தம். ராதா விழிக்கிற விழி, தாளம் நழுவப்போகிறதோ என்று பயப்படும் எந்தப் பாகவதரிடமும் பார்க்கலாம். சீரியஸ் படங்களில் எல்லோரும் தெய்வீகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். நிஜ மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்று கண்ணால் கேட்டு, கண்ணால் பதில் சொல்லி. அதை ஒரு காமெடிப் பாட்டு காட்டிவிட்டது.

ஜூன் 14

இயக்குநர் கே.பாலசந்தரின் படங்களைச் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு. ஐம்பது வருஷமாகிவிட்டது, பழைய படம்தான், சேருங்கள்.

'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் ஸ்ரீவித்யா பாடகி. எம்.எல்.வசந்தகுமாரியின் மகள் என்பதால் மேடையில் உட்காருகிற விதமே வேறாக இருக்கும். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுருதியைக் காதில் வாங்குகிற அந்த ஒரு நொடிக்கு இயக்குநர் சொல்லித் தர வேண்டியதில்லை. குரல் வாணி ஜெயராம். கடைசியில் வரும் 'கேள்வியின் நாயகனே' கச்சேரியில் அம்மாவும் மகளும் மேடையில் உட்கார்ந்து, நேரில் பேச முடியாததையெல்லாம் பாட்டில் பேசுகிறார்கள். மகளுக்குக் குரல் பி.எஸ்.சசிரேகா. யாரும் யாரையும் ஜெயிக்கவில்லை, ஆனால் கச்சேரி கச்சேரிக்காகவும் இல்லை. மைக் வைத்துப் படிக்கிற கடிதம் அது. சபையில் இருந்த ஜனங்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு கவலை.

'சிந்து பைரவி' (1985). குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரரை, பாடகராக வரும் சிவகுமார், அதாவது ஜே.கே.பி., மேடையிலிருந்து அனுப்பிவிட்டு, மிருதங்கம் இல்லாமலே பாடுவார். பக்கவாத்தியம் இல்லாவிட்டால் பாட்டு எவ்வளவு அம்மணமாக நிற்கும் என்பதைக் காட்ட நல்ல சந்தர்ப்பம். இன்னும் கொஞ்சம் நேரம் விட்டிருக்கலாம். அப்புறம் சிந்து எழுந்து, ஏன் தமிழில் பாடவில்லை என்று கேட்கும் காட்சி. நாற்பதுகளில் தமிழிசை இயக்கம் கேட்ட அதே கேள்வி. அண்ணாமலை செட்டியாரும் தண்டபாணி தேசிகரும் எவ்வளவோ பேச்சு வாங்கிக்கொண்டு கேட்டது. நாற்பது வருஷம் கழித்து ஒரு கதாநாயகி கேட்டபோது கொட்டகையில் கைதட்டினார்கள்.

'பாடறியேன்' பாட்டை 'மரி மரி நின்னே'யில் கொண்டு சேர்த்தாரே இளையராஜா, அதைப் பற்றி இன்றும் சண்டை உண்டு. காம்போதியில் இருக்கும் தியாகராஜ கீர்த்தனையை சாரமதியில் போட்டது தப்பு என்று என் வீணை டீச்சர் கடைசிவரை சொன்னார். அந்தப் பாட்டு டி.வி.யில் வந்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பார். தப்பு எவ்வளவு என்று பார்க்கத்தானாம்.

ஜூன் 15

'சங்கராபரணம்' தமிழ்ப் படம் இல்லை, அதனால் ஒதுங்கினேன். ஆனால் 1980இல் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் தெலுங்கிலேயே ஓடிய படத்தை ஒதுக்கவும் மனசு வரவில்லை. ஜே.வி.சோமயாஜுலு பாடகர் இல்லை, குரல் எஸ்.பி.பி. அவரும் முறைப்படி சங்கீதம் பயின்றவர் இல்லை; மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி கூடவே உட்கார்ந்து பாடம் செய்யவைத்தார். இதில் பாடுபவரும் நடிப்பவரும் இரண்டு பேரும் வெளியாட்கள்! என் கருத்துப்படி பார்த்தால் இந்தப் படம் போட்டிமேல் போட்டியாக வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஆக என் கருத்தில் இன்னொரு ஓட்டை. இருக்கட்டும், அடைக்கப் போவதில்லை.

ஜூன் 17

வீணை எஸ்.பாலசந்தரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வரியில் முடியாது.

1934 'சீதா கல்யாணம்' படத்தில் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பொடியன் அவர். அண்ணன் எஸ்.ராஜம் ராமன், அக்கா ஜெயலட்சுமி சீதை, அப்பா ஜனகர். பாபநாசம் சிவன் முதன்முதலாக இசையமைத்த படம். இப்படிக் குடும்பத்தோடு சங்கீதத்துக்குள் பிறந்த மனுஷன், வளர்ந்து பெரிய வைணிகர் ஆகி, படங்களும் இயக்கி, 1954இல் என்ன செய்தார்? 'அந்த நாள்'. ஒரு பாட்டு கிடையாது. சிவாஜி இருக்கிறார், பண்டரிபாய் இருக்கிறார், பாட்டு மட்டும் இல்லை. ஏவி.எம். தைரியமாக எடுத்தது.

பாபநாசம் சிவனும் 'தியாகபூமி' (1939) படத்தில் சம்பு சாஸ்திரியாக நடித்தவர்தான். அதே படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடியிருக்கிறார். அவர் தேசபக்திப் பாட்டும் பக்திப் பாட்டும் தவிர சினிமாவில் வேறு எதையும் பாட மாட்டேன் என்று நின்றவர். காதல் பாட்டுக்குக் கூப்பிட்டவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதியின் 'ஆடுவோமே பள்ளு பாடுவோமே' அவர் குரல். ஆடியது பேபி கமலா.

ஜூன் 18

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'மூன்று பதில் போதாது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க ஒரே ஒரு படம் சொல்லுங்கள்' என்கிறார்.

'கலைக்கோயில்', 1964. ஸ்ரீதர் படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை, வீணை வாசித்தது சிட்டிபாபு. பாலமுரளியும் சுசீலாவும் பாடிய 'தங்கரதம் வந்தது வீதியிலே' ஆபோகி, அதற்காகவே பார்க்கலாம். கதை நடுவில் தொய்யும். அப்போது சத்தத்தை வைத்துக்கொண்டு காபி போடப் போங்கள். வீணை ஆரம்பித்ததும் ஓடி வந்துவிடுங்கள்.